மொட்டை ஊசி

"டாக்டரம்மா, அது மொட்டை ஊசி. சாணை பிடிக்கத் தனியா எடுத்து வெச்சுகீறேன்" என்றார் வார்டு பாய் துலுக்கானம்.

"தெரியும். அதையும் கொதிக்கிற தண்ணியில போடுங்க. ஒருத்தருக்கு வேணும்" என்றாள் நாகவல்லி.

துலுக்கானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போட்டார்.

ஊரெல்லாம் ஹாங்காங் ஃப்ளூ என்று பேச்சாயிருந்த வருஷம் அது. ஆவடிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நேற்றுதான் வந்து சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தடுப்பூசி போட, பட்டணத்திலிருந்து நாகவல்லியை அனுப்பியிருந்தார்கள். அவளும் ஹவுஸ் சர்ஜன்தான். ஊசி போட்டுக்கொள்ளாதவர்களுக்குப் பயிற்சியே கிடையாது என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வந்திருந்தவர்களில் பூந்தமல்லி கஜபதியும் ஒருவன் என்று தெரிந்ததுமே அவளுக்குச் சுர்ரென்றது. போன மாசியில் அம்பத்தூருக்கு அவளைப் பெண் பார்க்க வந்தவன்.

"டாக்டருக்குப் படிச்சா மட்டும் கறுப்பு வெளுத்துடுமா?" என்று அவன் அம்மா அத்தனை பேர் எதிரிலும் கேட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசரியை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த நாகவல்லி அன்று பார்த்ததெல்லாம் அவன் கால்களைத்தான். அவன்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அதற்குப் பிறகு அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதேயில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

"கஜபதி சார்! இன்னா சார், எம்மா நேரமா கூவிகினு கீறேன்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார் துலுக்கானம்.

வெளியே ஏதோ குசுகுசுப்பு. பிறகு ஒருவன் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வணக்கம் டாக்டர். எந்தக் கையில?"

நாகவல்லி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். அவன் முகத்தில் சின்னக் கூச்சம்கூட இல்லை. ஒரு குடும்பத்தையே குன்ற வைத்துவிட்டு அவள் முகத்தையே மறந்துவிட்டானே, பாவி!

"எந்தக் கையால கேசரி சாப்பிடுவீங்க?"

"வலது கைதான்..."

"அதையே காட்டுங்க."

மொட்டை ஊசி தோலில் வழுக்கியது. விடாமல் அழுத்தினாள்.

"ஐயோ அம்மா!"

"அம்மாவை ஏன் கூப்பிடறீங்க? அவங்களைத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே!"

மருந்தை அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். அவன் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது. மாசியிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு அவளுக்கு இப்போதுதான் குளிர்ந்தது.

ஊசியை உருவிவிட்டுக் கேட்டாள். "இப்பவாவது தெரியுதா நான் யாருன்னு? அம்பத்தூர் நாகவல்லி. உங்கம்மா என்னைக் கறுப்புன்னு சொன்னப்ப வாயில கொழுக்கட்டை வெச்சுகிட்டு உக்காந்திருந்தீங்களே!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"நான் லட்சுமணன்ங்க! கஜபதி ஜன்னல்ல உங்களைப் பாத்ததுமே, என்னை உள்ள தள்ளிட்டு ஓடிட்டான்!"