குறையில்லை

மெஷின் சத்தத்தால் காது போகிறது என்று ஆய்வு சொன்னால், திண்டிவனம் பக்கத்தில் நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் மெஷினையே மாற்றியாக வேண்டும். ஆய்வுக்கு வந்த டாக்டர் தென்னரசு, இருபது வருஷமாக அங்கே வேலை செய்யும் அஞ்சலையை எதிரே உட்காரவைத்து, கிசுகிசுத்த குரலில் கேட்டார்.

"எத்தனை பசங்கம்மா?"

"ரெண்டு பொண்ணு சார்."

"எந்த ஊரு?"

"கிளியனூருங்க."

'குறையில்லை' என்று எழுதிவிட்டு, தூசிக்காக மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, "போலாம்மா," என்றார். அவள் அசையவில்லை. கத்திச் சொல்லியும் அசையவில்லை.

"மாஸ்க்க எறக்கிட்டு சொல்லுங்க சார். மில்லுல நாங்க அல்லாரும் வாயப் பாத்துதான் பேசிக்குவோம்."

தென்னரசு மேஜையைப் பார்த்தார். 'குறையில்லை' என்று நூற்றிரண்டு தாள்கள். நாளைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

மாஸ்க்கை இறக்கினார். அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உங்க காது நல்லாருக்கும்மா."