பல்லாவரம் சந்தை ஷூ

“இன்னாம்மா ஜெயசீலி, கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணை மலை ஏற அனுப்புறியாமே? நல்லா கீது உன் நியாயம்!”

வீட்டுச் சொந்தக்காரி செல்லியம்மாள் குழாயடியில் வைத்தே கேட்டுவிட்டாள். அவள் கேட்டால் பீர்க்கன்கரணை ஊரே கேட்ட மாதிரி. குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் தபீதாள்தான் பதில் சொன்னாள்.

“பயப்படுற மாதிரி மலை இல்ல ஆன்ட்டி. நேபாளத்துல வழி நெடுக டீக்கடை இருக்கும். கடைக்காரங்க வீட்லயே சாப்பாடு, படுக்கை. எங்க ஸ்கூல் டீச்சர்ஸ் எல்லாம் லீவுல போறோம்.”

“டீ குடிக்க நேபாளமா? தாம்பரம் ஸ்டேஷன்ல கெடைக்காத டீயா?”

மறுபடி சிரிப்பு.

தபீதாளுக்கு அந்தப் பேச்செல்லாம் பழக்கம்தான். கவலை ஷூவைப் பற்றி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைத்த வெளிநாட்டு ஷூ. கணுக்கால் வரை தோல். எத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ, கருவாடு மாதிரி விறைத்திருந்தது. தாம்பரத்துப் பச்சைமலையில் முதல் பயிற்சி நடையிலேயே இரண்டு குதிகாலும் கொப்புளித்துக் கிழிந்து, நொண்டிக்கொண்டே இறங்கினாள்.

குழுவை அழைத்துப்போகும் பி.டி. மாஸ்டர் லோகநாதன் கறாராகச் சொல்லிவிட்டார். “அடுத்த ஞாயிறும் நொண்டினீங்கன்னா உங்க பேரை எடுத்துடுவேன் டீச்சர். அங்க பாதி வழியில ஒருத்தருக்குக் கால் போச்சுன்னா எல்லாரும் திரும்பணும்.”

வேறு ஷூ வாங்க வசதியில்லை. புண் ஆறவேண்டுமென்றால் ஷூவைப் போடக்கூடாது. ஷூ இளகவேண்டுமென்றால் போட்டு நடந்தே ஆகவேண்டும். என்ன செய்வாள் பாவம்? உள்ளே தேங்காய் எண்ணெயைத் தடவி, ஷூவை மாடிப்படியில் வைத்துவிட்டு, காலுக்கு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிகிற நேரம். ஏரிப் பக்கமிருந்து வந்த பனியில் ஜன்னல் வெளுத்திருந்தது. தலைக்கு மேலே, மொட்டை மாடியில், யாரோ நடந்தார்கள்.

தட்... தட்... தட்...

அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும்.

ஜெயசீலி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெளியே போகாதே.”

நடை நின்று, வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். ஷூ வைத்த இடத்திலேயே இருந்தது. தபீதாள் உள்ளே கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

“அம்மா... உள்ள சூடா இருக்கும்மா.”

இப்போதுதான் யாரோ காலை எடுத்த சூடு.

செல்லியம்மாளிடம் ஓடினார்கள்.

“சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே!” என்றவள், குரலைத் தாழ்த்தினாள். “சந்தையில வாங்கினது தானே? போட்டுக்கினு இருந்த வெள்ளைக்காரி எந்த மலையில வுழுந்து செத்தாளோ! நடந்து பழகுன காலு சும்மா கெடக்குமா? சத்தம் கேட்டா கதவைத் தொறக்காதீங்க. மூஞ்சியப் பாத்துட்டா கூடவே வந்துடும்.”

அதன்பிறகு கதவைத் திறக்க யாருக்குத் தைரியம் வரும்? தினமும் விடியலில் அதே நடை. தினமும் ஷூவுக்குள் அதே சூடு. தோல் மட்டும் நாளுக்கு நாள் இளகிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஷூவின் குதிகால் பக்கம் ரத்தம் இருந்தது. தபீதாளின் பழைய ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. இது ஈரமாக இருந்தது.

“மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதை ஏரியில வீசிட்டு வா!” ஜெயசீலி அழுதேவிட்டாள்.

தபீதாளுக்கும் பயம்தான். ஆனால் எத்தனை நாள் ஆசை! நாளை மறுநாள் பச்சைமலை. முகம் தெரியாத ஒன்றுக்குப் பயந்து வீட்டில் உட்காருவதா?

சனிக்கிழமை சத்தம் கேட்டதும், தூங்கும் அம்மாவைத் தாண்டிப் படியேறிவிட்டாள்.

மொட்டை மாடி முழுக்கப் பனி. அந்தக் கோடியில், தலையிலிருந்து வெள்ளையாகப் போர்த்திய உருவம். முகமே தெரியவில்லை. கீழே அந்த ஷூ மட்டும் தெரிந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து அது அவளை நோக்கி வந்தது.

“இயேசுவே!”

உருவம் நின்றது. போர்த்தியிருந்த வேட்டி தலையிலிருந்து நழுவியது.

“கத்தாதடி! எங்க வூட்டுக்காரரு எழுந்துக்கப் போறாரு!”

செல்லியம்மாள்!

முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தண்ணித் தொட்டி ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டு குதிகாலும் தோலுரிந்து சிவந்திருந்தன. தபீதாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“ஏன் ஆன்ட்டி இப்படி? நான் போறதே உங்களுக்குப் பிடிக்கலையே!”

“புடிக்கலதான். அதுக்கு? உன் காலும் என் காலும் ஒரே அளவு. வயல்ல வெறுங்காலோட கெடந்தவ நான், எனக்குச் சீக்கிரம் ஆறிடும்.” ஷூவை வளைத்துப் பார்த்துவிட்டு அவள் கையில் கொடுத்தாள். “இந்தா, பதமா கீது. உங்கம்மாகிட்ட வெள்ளைக்காரி போயிட்டான்னு சொல்லு.”

“எனக்காக எதுக்கு ஆன்ட்டி...”

“உனக்காக மட்டுமா? நீ நொண்டிக்கினு பாதியில திரும்பி வந்தீன்னு வெச்சுக்கோ, அதுக்கப்புறம் இந்தத் தெருவுல ஒரு பொண்ணையும் எங்கியும் அனுப்ப வுடமாட்டாளுங்க. அனுப்பாதேன்னு மொதல்ல கத்தப்போறதே நான்தான்!”