பூவைப் பிடித்த கை

பௌஷ மாதத்துப் பனி விலகி, கொல்கத்தா மொட்டைமாடியில் இளவெயில் பரவுகிறது. தொட்டிகளில் பாலக்கீரையும் கொத்தமல்லியும் ஈரத்தோடு மினுங்குகின்றன. செங்கல் அடுக்கி இடுப்புயரத்துக்குக் கட்டிய பாத்தியின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் சுப்ரா. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளால் குனிய முடிவதில்லை. இடது கை எதையும் பற்றுவதில்லை; சூடோ குளிரோ அதற்குத் தெரிவதுமில்லை. துர்கா பூஜைக்கு முன்பு ஒற்றைக் கையால் அவள் நாற்று நட்டபோது, “தெருமுனையில கூடை கூடையா விக்குது, உங்களுக்கு எதுக்கு தீதி இந்த வேண்டாத வேலை?” என்று கேட்ட ஓரகத்தி தபதி, இப்போது ஈரத்துணியை உதறாமல் கொடியருகே நின்று பார்க்கிறாள். வெயில் படாமல் கட்டிவைத்த இலைகளை சுப்ரா அவிழ்க்கிறாள். உள்ளே பாலாடை நிறத்தில், ஒரு புழுக்கடி இல்லாமல், காலிஃபிளவர். “நான் பிடிச்சுக்கறேன், நீ வெட்டு” என்று கணவர் நிர்மல் கை நீட்டுகிறார்.

“தொடாதீங்க. மூணு மாசமா இந்தக் கையைத்தான் தினமும் மண்ணைப் பிசைய விட்டேன். சும்மாவா?”

இடது கை மெல்ல ஊர்ந்து பூவின் அடியில் நுழைகிறது. விரல்கள் ஒவ்வொன்றாக, நடுங்கி நடுங்கி மடங்குகின்றன. வலது கையின் கத்தி தண்டில் நறுக்கென்று இறங்க, பாரம் முழுவதும் இடது கைக்கு வருகிறது. கை தாழ்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. நிர்மல் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

“தீதி, விழல!” என்று கத்துகிறாள் தபதி.

“ஏன் விழணும்? போய் உருளைக்கிழங்கை நறுக்குடி. இன்னிக்குச் சமையல் நான்தான்.”

சுப்ரா அதை மார்பளவுக்கு உயர்த்துகிறாள். இலையிடுக்கிலிருந்து பனிநீர் வழிந்து முழங்கைவரை ஓடுகிறது. அந்தக் குளிர் அவளுக்குத் தெரிகிறது.