மச்சான் இடுப்பில் துப்பாக்கி

கோயில் பார்க்கிங்கில் காருக்குள் ஏறியதும், டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து இடுப்பு உறையில் செருகிக்கொண்டார் கோபாலசாமி. குளிக்கும்போது கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொள்கிற மாதிரி, அத்தனை சாதாரணமாக.

பக்கத்து சீட்டில் இருந்த மயில்சாமி கதவோரமாக ஒதுங்கி உட்கார்ந்தான்.

"மச்சான், வேண்டாமுங்க. அது பெட்டிக்குள்ளயே இருக்கட்டுமே."

"மாப்ள, இது உங்க நியூ ஜெர்சி இல்ல, டெக்சஸ். இங்க ஓப்பனா வெச்சுக்கறது லீகல். கோயிலுக்குள்ள வேண்டாம்னு போர்டு வெச்சிருக்காங்க, நான் உள்ள கொண்டு போகல. சட்டம் என்ன சொல்லுதோ அதை ஃபாலோ பண்றேன், அவ்வளவுதான்."

மயில்சாமிக்கும் சட்டத்தின் மேல் மரியாதை உண்டு. மரியாதை என்ன, பயம்தான். நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் இருந்தவரை ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்காதவன். ஈ காக்காய் இல்லாத தெருவிலும் ஸ்டாப் சைனைக் கண்டால் நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகருவான். வேலை மாறி, மனைவி தென்றலின் அண்ணன் இருக்கிற இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அடுத்த வாரம் க்ரீன் கார்டு இன்டர்வியூ. வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. இந்த நேரம் பார்த்து போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்தால் எல்லாம் பாழ்.

வழியில் பெட்ரோல் போட நின்றார்கள். துப்பாக்கி பக்கத்தில் இல்லாமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டால் போதும் என்று மயில்சாமி இறங்கி, எதிரே தீபாவளிக்காகப் போட்டிருந்த கூடாரக் கடைக்குள் புகுந்தான். மகள் வெண்பா கேட்டிருந்த கம்பி மத்தாப்பு அங்கே இருந்தது. கோயிலில் வாங்கிய லட்டு, முறுக்கோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தான். பார்வை மட்டும் மச்சான் இடுப்பை விட்டு நகரவில்லை.

நகர எல்லைப் பலகையைத் தாண்டி ஊருக்குள் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது.

"போச்சு மச்சான். அதை சீட்டுக்கு அடியில தள்ளிருங்க."

"ஒளிச்சாத்தான் தப்பா நெனைப்பாங்க. கையை ஆட்டாம உக்காருங்க. நான் பேசிக்கறேன்."

வாட்டசாட்டமான அதிகாரி ஜன்னலோரம் வந்து நின்றார். கோபாலசாமி இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆபீசர், என் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது."

மயில்சாமி கண்களை இறுக மூடிக்கொண்டான். கைவிலங்கு, கோர்ட்டு, கோயம்புத்தூருக்கு ஒரு வழி டிக்கெட், 'என்னப்பா திரும்பி வந்துட்ட?' என்று விசாரிக்கப் போகிற சித்தப்பா, எல்லாம் வரிசையாக வந்து போயின.

"சொன்னதற்கு நன்றி. அது அங்கேயே இருக்கட்டும். நீங்கள் தொடாதவரை நானும் என்னுடையதைத் தொடமாட்டேன்" என்று அதிகாரி சிரித்தார். "பின் விளக்கு ஒன்று எரியவில்லை, அதற்காகத்தான் நிறுத்தினேன். அட, உறை நன்றாக இருக்கிறதே. தோலா? எங்கே வாங்கினீர்கள்?"

புடவைக் கடையில் சந்தித்துக்கொண்ட சம்பந்திகள் போல இருவரும் உறையின் தரம், தையல், விலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மயில்சாமியால் நம்ப முடியவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே அமுக்கப் போகிறார் என்று தோன்றியது. மச்சான் மாட்டினால் மாட்டட்டும், தான் வேறு என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"ஆபீசர்," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "அந்தத் துப்பாக்கிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் சட்டத்தை மதிக்கிறவன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நீங்களே பாருங்கள்."

பையை அகலமாக விரித்து நீட்டினான்.

அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"சார், காரை விட்டு இறங்குங்கள்."

"நானா?"

"நீங்கள்தான்."

கோபாலசாமி பைக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க மாப்ள, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?"

மயில்சாமி இறங்கிச் சாலையோரம் நின்றான். அதிகாரி நிதானமாக விளக்கினார். "இதை நகர எல்லைக்கு வெளியே விற்கலாம், வாங்கலாம். எல்லைக்குள் கையில் வைத்திருந்தாலே குற்றம். நான் கேஸ் எழுத வேண்டும்."

"அடுத்த வாரம் எனக்கு க்ரீன் கார்டு இன்டர்வியூ, ஆபீசர்." அவனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அதிகாரி அவனையும் லட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. நீங்களாகவே எடுத்துக் காட்டினீர்கள் என்பதால் எச்சரிக்கையோடு விடுகிறேன். ஆனால் இதைத் திருப்பித் தர முடியாது."

உயிர் திரும்பி வந்தது மயில்சாமிக்கு. சந்தோஷத்தில் ஒரு லட்டை எடுத்து நீட்டப் போனவன், அது லஞ்சக் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டான்.

"பின் விளக்கை மாற்றிவிடுங்கள்" என்று கோபாலசாமியிடம் சொல்லி, அவர் இடுப்பிலிருந்த துப்பாக்கியை இன்னொரு முறை ரசித்துவிட்டு அதிகாரி திரும்பி நடந்தார்.

வெண்பாவின் கம்பி மத்தாப்புப் பெட்டியை இரண்டே விரல்களால், உடம்பில் படாமல் தூரமாகப் பிடித்துக்கொண்டு.