ரெண்டு பக்கமும்

பரிணாமத்தோடு பைபிள் படைப்புக் கதையையும் அறிவியலாகக் கற்பிக்கச் சொல்லும் மசோதா பற்றி, ஜெபத்தோடு தொடங்கிய அமெரிக்க மாநிலச் சட்டமன்றக் குழுக் கூட்டத்தில் கருத்துச் சொல்ல ஆளுக்கு மூன்று நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்ததும் உயிரியல் ஆசிரியை லொரீட்டாவின் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

"டைம் முடிஞ்சுபோச்சு டீச்சர்," என்றார் குழுத் தலைவர் செனட்டர் ஸ்டக்கி, டோனட்டைக் கடித்தபடியே. "கடவுள் படைச்சார்ங்கறதும் அறிவியல்தான்னு சட்டம் சொல்லிட்டுப் போகட்டுமே! அரசுப் பள்ளிப் பிள்ளைங்க ரெண்டு பக்கத்தையும் கேட்டா உங்களுக்கு ஏன் எரியுது?"

மைக் இல்லாமலே லொரீட்டா கத்தினாள். "எது அறிவியல்னு ஆராய்ச்சிதான் சொல்லணும் செனட்டர். கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு பண்றதில்ல!"

"டீச்சர் குரங்கை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாங்க பாருங்க. தாத்தா பாசம்!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. குழுவினரின் கைகள் உயர்ந்தன. மசோதா நிறைவேறிவிட்டது.

லொரீட்டா காகிதங்களை அள்ளிப் பையில் திணித்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். தாழ்வாரத்தில் ஸ்டக்கி பின்னாலேயே ஓடிவந்தார். உதட்டில் இன்னும் சர்க்கரைத் தூள்.

"மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். தொகுதி ஜனங்களுக்காகப் பேசவேண்டியிருக்கு. திங்கக்கிழமை வழக்கம்போல டியூஷனுக்கு வீட்டுக்கு வந்துருவீங்கல்ல? பொண்ணுக்குப் பரிணாமப் பாடம் பாதியிலயே நிக்குது."

லொரீட்டா அந்தச் சர்க்கரை வாயையே பார்த்தாள்.

"வர்றேன் செனட்டர். ரெண்டு பக்கத்தையும் சொல்லித் தர்றேன்."

அவர் முகம் வெளிறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விளையாடாதீங்க டீச்சர்! அவ டாக்டருக்குப் படிக்கப் போறவ!"