சுவருக்கு அந்தப் பக்கம்

மரணப் படுக்கையில் கிடந்த மிராசுதார் சவரிராயருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்து முடித்த பங்குச் சாமியார், அவருடைய கடைசி விருப்பத்தைக் கேட்டுத் திகைத்துப்போனார்.

அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. மிராசுதார் குடும்பங்களுக்கு ஒரு பக்கம். சேரி மக்களுக்கு மறுபக்கம். தம்மை மறுபக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்றார் சவரிராயர்.

"ஊரே சிரிக்கும்ப்பா!" என்று மகன் லூர்து கொதித்தார். "கூலித் தகராறுல செத்த மூணு பேரும் அங்கேதான் கிடக்கிறாங்க. கோர்ட்டே உங்களை விடுதலை பண்ணிடுச்சு. அப்புறம் எதுக்கு இந்தப் பரிகாரம்?"

"கல்லறை கட்டாதே. பேரும் எழுதாதே. வெறும் மண் போதும்."

"கழக ஆட்சி வந்ததுலேர்ந்தே கூலிச் சங்கத்து ஆளுங்க நம்மகூட மோதத் தயாரா நிக்கிறாங்க. பிரேதத்தை வாசல்லயே மறிப்பாங்க!"

மிராசுதாருக்கு மூச்சு இழுத்தது. சாமியார் தயங்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு சேரிக்கே சென்றார்.

சங்கத் தலைவர் சந்தியாகுவிடம் விஷயத்தைச் சொன்னார். இறந்த மூவரில் ஒருவர் அவருடைய தம்பி. சந்தியாகுவோ, "மனசு மாறி வர்றவரை நாங்க தடுக்கலை, சாமி. தம்பிக்குப் பக்கத்துலயே குழி வெட்டுறோம்" என்றார்.

கண் கலங்கத் திரும்பிய சாமியார் அதை அப்படியே சொன்னார்.

சவரிராயர் பதறிப்போய் அவருடைய கையைப் பற்றினார்.

"ஐயோ, பக்கத்துல வேண்டாம் சாமி! தள்ளி ஒரு மூலையில போடச் சொல்லுங்க. கடைசித் தீர்ப்பு நாள்ல எக்காளம் ஊதினதும் மூணு பேரும் எந்திரிச்சு, என்னைத் தேடிச் சுவரைத் தாண்டி நம்ம பக்கம்தானே ஓடுவாங்க?"