துப்பாக்கி இருக்கிறது என்றாள்

போனில் அந்த ஆள் சொன்னதையே திரும்பச் சொன்னான்.

"அந்தப் பகுதிக்கு ஆம்புலன்ஸ் விடுறதில்லை. கவர்னர் உத்தரவு."

"என் புருஷன் விழுந்து கிடக்கிறார் ஐயா. வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. பேச்சு வரலை."

"அமைதி திரும்பட்டும். அனுப்புறோம்."

வைத்துவிட்டான்.

சமையலறைத் தரையில் ரூஃபஸ் கிடந்தான். கார் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறவன். காப்பிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூடினாள்.

அவன் அவள் பெயரைச் சொல்லப் பார்த்தான். நாக்கு புரளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போலீஸ்காரன் கறுப்பு இளைஞன் ஒருவனை முதுகில் சுட்டான். அன்று மாலையே கடைகள் எரியத் தொடங்கின. கவர்னர் பட்டாளத்தை இறக்கினார். அந்த அமெரிக்க நகரத்தில் கறுப்பர்கள் குடியிருக்கும் தெருக்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள்.

உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும்.

ரேடியோவில் இப்போது கவர்னர்தான் பேசிக்கொண்டிருந்தார். கலவரத்தின் காரணங்களைக் கண்டறிய ஒரு கமிஷன் அமைக்கப்படுமாம். வேலை, வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஆராய்வார்களாம். குரல் உருக்கமாகத்தான் இருந்தது.

அவள் ரேடியோவை அணைத்தாள். அவன் தலைக்கடியில் துணியை மடித்து வைத்தாள். தெருமுனைக்கு ஓடினாள்.

முள்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு சிப்பாய். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த வெள்ளைக்காரன். அவளுக்கு மகனாகக்கூடிய வயதுதான் இருக்கும்.

ஐயா என்றாள்.

அவன் துப்பாக்கியைத் திருப்பினான். "ஊரடங்கு. வீட்டுக்குப் போ."

"நீங்களே வந்து பாருங்க ஐயா. ஒரு தடவை."

"போ."

அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது.

திரும்பி நடந்தபோது அடுத்த தெருவுக்குள் ஒரு டாங்கி நுழைவதைப் பார்த்தாள். அதன் பின்னால் ஜீப்புகள். கடைசியில், சிவப்புச் சிலுவை போட்ட ஆம்புலன்ஸ் வண்டி.

அந்தத் தெருவில் ஒரு மாடியில் எவனோ துப்பாக்கியோடு நிற்பதாகத் தகவலாம். பக்கத்து வீட்டு ஹேட்டி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

பிறகு வீட்டுக்குள் போனாள். ரூஃபஸின் மூச்சு குறட்டைபோல் மாறியிருந்தது. கண் மட்டும் அவளையே பார்த்தது.

இந்தத் தடவை போலீசுக்குப் போன் செய்தாள்.

"எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான். துப்பாக்கி வச்சிருக்கான்."

மறுமுனைக் குரல் சட்டென்று நிமிர்ந்தது. "விலாசம் சொல்லு."

சொன்னாள்.

போனை வைத்துவிட்டு ரூஃபஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வந்துவிட்டார்கள். அந்தத் தெருவுக்கு அரசாங்கம் இத்தனை வேகமாக வந்ததே இல்லை. குப்பை அள்ளக்கூட.

தரை அதிர்ந்தது. அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார்களுக்குப் பின்னால், மரங்களுக்குப் பின்னால், எதிர்வீட்டுக் கூரைமேல், எங்கும் துப்பாக்கிக் குழல்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த வண்டி.

நிஜமாகவே வந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

கைகளைத் தூக்கியபடி வாசலுக்குப் போனாள்.

"துப்பாக்கி இல்லை! நான் பொய் சொன்னேன்! என் புருஷன் சாகக் கிடக்கிறார். டாக்டரை அனுப்புங்க!"

யாரும் நகரவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "உள்ளே இருக்கிறவனை வெளியே வரச் சொல். ரெண்டு கையையும் தூக்கிட்டு வரணும். இல்லைன்னா சுடுவோம்."

"அவரால நடக்க முடியாது!"

"வரச் சொல்."

உள்ளே ஓடினாள். அவனை உட்கார வைத்தாள். சுவரோடு சாய்த்தாள். அவன் வலப்பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தாள். இடது கையால் அவன் இடுப்பைச் சுற்றி வளைத்துத் தூக்கினாள். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி எழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவனுடைய வலது மணிக்கட்டைத் தன் வலது கையால் பிடித்து உயர்த்தினாள்.

அவன் புரிந்துகொண்டான். உயிருள்ள கையைத் தானாகவே தூக்கினான்.

இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தார்கள். வெயில் கண்ணில் அடித்தது.

"நில்!"

நின்றார்கள்.

"ஏய், உன் இன்னொரு கை எங்கே?"

அவளுடைய இடது கை ரூஃபஸின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் கனம் முழுவதும் அதில்தான் இருந்தது.

"பின்னால என்ன வச்சிருக்கே? கையைக் காட்டு!"

"எடுத்தா விழுந்திடுவார் ஐயா!"

"காட்டு!"

குழல்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. கடைசி வண்டியின் கதவு திறந்தது. ஒருவன் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தான்.

ரூஃபஸ் அவள் காதருகே ஏதோ குழறினான். விட்டுவிடு என்பதுபோல் இருந்தது.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.